காலை ஏழு பன்னிரண்டுக்குக் கடித்த பாம்புகள்

பெனிஷா அச்செடுத்துக் கொடுத்த தாளின்படி, கம்பம் பள்ளத்தாக்கில் பாம்புகள் மனிதர்களைக் காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு பேரை அல்ல. ஏழு வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த நானூற்றுச் சொச்சம் பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதற்கு அடுத்த பெரிய கூட்டம் நள்ளிரவு சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கடி வாங்கியிருந்தது. மதியம் இரண்டேகாலுக்குப் பிறகு ஒரு பாம்புகூட வாயைத் திறக்கவில்லை.

அறக்கட்டளைக் கமிட்டியின் பொருளாளர் பொன்னுராஜ் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏழு பன்னெண்டு... ஏம்மா, இது சுருளிப்பட்டி போற மினி பஸ் டயமுல்ல? பாம்பும் அதுலதான் வந்து எறங்குதாக்கும்?"

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டாக்டர் அப்துல் அஜீஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இந்தத் தாளில் உயிர் போகிற காரியம் இருந்தது.

அது 2008-ஆம் வருடம். கம்பத்தில் அந்த அறக்கட்டளைக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. அதன் கிளையாக, மலையடிவாரத்தில் கருங்கல்மேடு என்ற ஊரில் ஒரு கிளினிக். சுற்றிலும் திராட்சைப் பந்தலும் வாழையும் தென்னையும். பாம்புக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. கிளினிக் காலை எட்டு மணிக்குத் திறந்து மதியம் இரண்டுக்கு மூடிவிடும். சாயங்காலம் கடிபட்டவர்கள் வண்டி தேடி, கம்பத்துக்கு வந்து சேர்வதற்குள் விஷம் பாதி வேலையை முடித்துவிடும். போன மாதம்கூட ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை.

கிளினிக்கை மாலை நாலு மணியிலிருந்து பத்து மணி வரை மாற்ற வேண்டும் என்பது டாக்டரின் கோரிக்கை. அங்கே அனுப்புவதற்கு ஒரு டாக்டரும் ஒரு நர்சும்தான் உண்டு. ஆகவே ஒரு வேளைதான் நடத்த முடியும். காலையில் காய்ச்சலுக்கும் பிரஷருக்கும் வருகிறவர்களை விட்டுவிட்டு மாலைக்கு மாற்ற வேண்டுமென்றால், சும்மா சொன்னால் போதாது, கணக்கில் காட்டுங்கள் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அதற்காகத்தான் பெனிஷாவை மூன்று மாத ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். ராயப்பன்பட்டிக்காரி, உத்தமபாளையத்தில் பி.சி.ஏ. முடித்தவள். பழைய பதிவேடுகளை ஆஸ்பத்திரி கிளார்க் பல வருடமாக எக்செல்லில் அடித்து வைத்திருந்தார். அதை முறையான டேட்டாபேஸாக மாற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் எடுத்துத் தருவது அவள் வேலை.

கூட்டத்துக்கு முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. கூட்டத்தன்று காலை பத்து மணிக்குத்தான் வந்தது. கூட்டம் பதினொன்றுக்கு. எக்செல் கோப்பை உள்ளே இழுத்தாள், அட்டவணை எடுத்தாள், அச்சு போட்டாள், மாடிப்படி ஏறினாள். தாளை ஒழுங்காகப் படித்துப் பார்த்தது மேஜையில் வைத்த பிறகுதான்.

கமிட்டித் தலைவர் ஹனீபா ஏலக்காய் வியாபாரி. அதிகம் பேசமாட்டார், பேசினால் பூசி மெழுகமாட்டார்.

"இதப் பாத்தா இப்ப இருக்குற நேரமே சரியாத்தான இருக்கு டாக்டர். ரெண்டு மணிக்கு மேல யாரையுமே கடிக்கலையே."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பெனிஷா முந்திக்கொண்டாள். "ஐயா, இந்தத் தாளுல தப்பிருக்கு. எனக்கு அவகாசம் வேணும்."

"தப்புன்னு எப்படித் தெரியும்? ஒங்களுக்கு வேண்டிய விடை வரலைங்கிறதாலயா?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கேள்வி நியாயமானது என்று அவளுக்கே பட்டது. தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"இல்லைங்கய்யா. ஏழுன்னு எழுதுவாக, ஏழேகால்னு எழுதுவாக. ஏழு பன்னெண்டுன்னு எந்த நர்ஸம்மா எழுதுவாக? பாம்புக்கடிக்காரனத் தூக்கிட்டு வந்து போட்டிருக்கும்போது நிமிசத்த எண்ணிக்கிட்டு இருப்பாகளா? அதுவும் நூத்தம்பது தடவ?"

ஹனீபா தாடியைத் தடவினார். பொன்னுராஜைப் பார்த்தார். "சரி. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டா. அதுக்கு மேல தள்ள முடியாது."

படியிறங்கும்போது டாக்டர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி முன்னால் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இடத்துக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், நேரம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்த கட்டத்தில் தேதியையும் சேர்த்துக் காட்டச் சொன்னது. திரை மாறியது. அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

1900, ஜனவரி 6, காலை 7.12.

அதற்குக் கீழே 1900, ஜனவரி 5. அப்புறம் ஜனவரி 7. வெள்ளைக்காரன் காலத்துத் தேதிகள் வரிசையாக இறங்கின. நோயாளிகளில் ஒருவர்கூட அப்போது பிறந்திருக்கவில்லை.

மூல எக்செல்லைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஏழரை மணி என்பதைக் கிளார்க் எல்லாரையும் போல 7.30 என்று புள்ளி வைத்து அடித்திருந்தார். எக்செல் அதை நேரம் என்று நினைக்கவில்லை. ஒரு சாதாரண எண் என்று நினைத்து, கடைசிச் சைபரையும் உதிர்த்துவிட்டு 7.3 என்று வைத்திருந்தது. டேட்டாபேஸுக்கு ஒரு நாள் என்றால் ஒன்று, அரை நாள் என்றால் அரை. 7.3 என்றால் ஏழு நாளும், பத்தில் மூன்று பங்கு நாளும். ஏழு நாளை அது தேதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. மிச்சமிருந்த பத்தில் மூன்று பங்கு நாளை மணியாக்கிக் காட்டியது.

இருபத்து நாலில் பத்தில் மூன்று பங்கு எவ்வளவு? விரலை மடக்கினாள். ஏழு புள்ளி இரண்டு. ஏழு மணி பன்னிரண்டு நிமிடம்!

அவ்வளவுதான் விஷயம். ஆறரையானாலும் எட்டரையானாலும் பதினொன்றரையானாலும் பின்னால் நிற்பது அதே முப்பதுதான். எல்லாமே காலை ஏழு பன்னிரண்டு ஆகிவிட்டன. முழு மணியாக எழுதியதெல்லாம் நள்ளிரவு. நிமிடம் ஐம்பத்தொன்பதுக்கு மேல் போகாது என்பதால் எந்த நேரமும் மதியம் இரண்டேகாலைத் தாண்டவே முடியாது. பாம்புகள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பெனிஷா வாய்விட்டுச் சிரித்தாள். மருந்துத் தட்டோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த தலைமை நர்ஸ் செபஸ்தியம்மாள் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, காலைல அழுகிற மாதிரி மூஞ்சிய வச்சிருந்த. இப்ப என்ன?"

"அக்கா, பாம்பெல்லாம் நல்ல பாம்புதான். நான்தான் அதுகள மினி பஸ்ல ஏத்தி விட்டிருக்கேன்."

இன்னொன்றும் இருந்தது. உள்ளே இழுக்கும்போது மென்பொருள் சில வரிகளை ஏற்க மறுத்துத் தனியாக ஒரு அட்டவணையில் ஒதுக்கியிருந்தது. அவசரத்தில் அவள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இப்போது திறந்தாள். எழுத்து கலந்திருந்த நேரங்கள் எல்லாம் அங்கே கிடந்தன. '7.30 பி.எம்.' 'ராத்திரி 8.' 'விளக்கு வைக்கிற நேரம்.' 'மோட்டார் போடப் போகும்போது.' 'விடியக் கருக்கல்.' காலையா மாலையா என்று தெளிவாக எழுதியிருந்த வரிகளை எல்லாம் பார்த்துப் பார்த்து வெளியே தள்ளிவிட்டு, தெளிவில்லாததை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டிருந்தது கணினி.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை நேரத்தை நேரமாகவும் இழுக்கவில்லை, எண்ணாகவும் இழுக்கவில்லை; அப்படியே எழுத்தாக இழுத்தாள். பதிவேட்டில் இருந்தது எதுவோ அது ஒரு கட்டத்தில் தொடாமல் கிடக்கும். அவள் புரிந்துகொண்டது பக்கத்துக் கட்டத்தில். எதை வைத்து அப்படிப் புரிந்துகொண்டாள் என்பது மூன்றாவது கட்டத்தில். புள்ளிக்கு முன்னால் மணி, பின்னால் நிமிடம். உதிர்ந்துபோன சைபரைப் பின்னால் ஒட்ட வேண்டும். 7.3 என்பது ஏழு முப்பது, ஏழு மூன்று அல்ல. இதையெல்லாம் அவள் ஒரு நாளில் முடித்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் சுவரில் முட்டினாள். ஏழரை என்பது ஏழரைதான். காலை ஏழரையா, மாலை ஏழரையா? முக்கால்வாசி வரிகளில் அதைச் சொல்ல ஒரு எழுத்துகூட இல்லை.

டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். ஏழு பன்னிரண்டின் கதையைக் கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். ஆனால் இரண்டாவது சிக்கலைச் சொன்னபோது பொறுமை இழந்துவிட்டார்.

"இதுல என்ன சந்தேகம் பெனிஷா? ஆறு, ஏழு, எட்டுன்னு இருக்கறதெல்லாம் சாயங்காலம்தான். பதினெட்டு வருசமா பாக்குறேன். எனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் பி.எம்.னு போட்டுருங்க."

"ஒங்களுக்குத் தெரியும் டாக்டர். கமிட்டிக்குத் தெரியாதே."

"நான் சொல்றேன்னு சொல்லுங்க."

"நீங்க சொல்றதத்தான் அவுக ஏற்கெனவே கேட்டுட்டாகளே. வேண்டிய விடை வரலைன்னு மாத்துறியான்னு தலைவர் எங்கிட்டக் கேட்டாக. இப்ப நீங்க சொல்ற மாதிரி போட்டா அது நெசமாயிரும் டாக்டர்."

வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்தப் பொண்ணு ஆட்டோலயே போயிட்டா. சாயங்காலம் ஏழு மணி. அது ஒண்ணு எனக்கு நிச்சயமாத் தெரியும்." போய்விட்டார்.

பெனிஷா கலங்கித்தான் போனாள். அவர் சொல்வது உண்மை என்று அவளுக்கும் தெரியும். ஒரே ஒரு கட்டளை, அரை நிமிட வேலை. எல்லா வரியிலும் பன்னிரண்டு மணி நேரத்தைக் கூட்டிவிடலாம். அடுத்த பாம்புக்கடிக்காரனுக்குக் கிளினிக் திறந்திருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. விரல் விசைப்பலகையில்தான் இருந்தது. அவள் எழுந்து கீழே போனாள்.

மதியம் இரண்டு மணி. செபஸ்தியம்மாளிடம் பழைய பதிவேடுகளைக் கேட்கலாம் என்று வார்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். காலை டூட்டி முடிந்து மதிய டூட்டிக்கு ஆள் மாறும் நேரம். இவர்கள் சொல்ல அவர்கள் கேட்டுக்கொண்டு, ஊசி எண்ணி, குளுக்கோஸ் எண்ணி, சத்தமாக இருந்தது. மதிய டூட்டிக்கு வந்த ரெஹானா ஒரு நோயாளியின் வரியை எழுதிவிட்டு, ஓரத்தில் 'ர' என்று ஒரு கையெழுத்தைக் கிறுக்கினாள்.

பெனிஷா அந்தக் கிறுக்கலையே பார்த்தாள்.

"அக்கா, டூட்டி எப்ப எப்ப மாறும்?"

"காலைல ஏழுலருந்து ரெண்டு. ரெண்டுலருந்து ஒம்பது. ஒம்பதுலருந்து விடியக்காலம் ஏழு. ஏன், நர்ஸாகப் போறியா?"

"எல்லா வரியிலயும் இப்படிக் கையெழுத்துப் போடுவீகளா?"

"போடாட்டி நான் விடுவேனா?"

"யாருக்கு எந்த நாள் எந்த டூட்டின்னு அப்ப இருந்து வச்சிருக்கீகளா?"

"பீரோவுல எல்லாம் கெடக்கு. எதுக்குத்தா?"

பெனிஷா விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். காலை டூட்டிக்குள் ஏழிலிருந்து ஒன்று வரை ஒவ்வொரு மணியும் ஒரே தடவைதான் வரும். மதிய டூட்டிக்குள்ளும் அப்படியே. ராத்திரி டூட்டி நீளமானது, ஆனால் அதிலும் ஒன்பதிலிருந்து ஆறு வரை எந்த மணியும் இரண்டு தடவை வராது. ஏழரை என்று எழுதியவள் காலை டூட்டிக்காரியானால் அது காலை. மதிய டூட்டிக்காரியானால் அது மாலை. ஊகிக்க வேண்டியதே இல்லை.

அவள் செபஸ்தியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் தானும் சேர்ந்து குலுக்கினார்.

அடுத்த நாட்களில் மருந்து அறையின் மூலை மேஜை அவர்களுடையதானது. செபஸ்தியம்மாள் வேலைக்கு நடுவே வந்து வந்து உட்கார்ந்து படிப்பார், பெனிஷா அடிப்பாள். பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நேரம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் இப்படித் தீர்ந்தது. கடித்த நேரத்துக்கு வந்த நேரமே சாட்சி: கடிபடாமல் யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ராத்திரி ஒன்பதேகாலுக்கு வந்து சேர்ந்தவனைக் கடித்தது ஏழரை என்றால், அது அதற்கு முந்தின ஏழரை, அதாவது மாலை. காலை எட்டு மணிக்கு வந்தவனைக் கடித்தது ஒன்பது என்றால் முந்தின நாள் ராத்திரி ஒன்பது.

எல்லாம் இப்படி வழுக்கிக்கொண்டு போய்விடவில்லை. 'ர' என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி ரெஹானா. இன்னொருத்தி ரஃபியா, கல்யாணமாகி உத்தமபாளையம் போனவள். ஒரே நாளில் ஒருத்தி காலையிலும் ஒருத்தி மதியத்திலும் இருந்திருந்தால் கையெழுத்து யாருடையது? பெனிஷா ஊருக்குப் போகும் பஸ் உத்தமபாளையம் வழியாகத்தான் போகும். அந்தப் பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு நடுவழியில் இறங்கி ரஃபியா வீட்டைத் தேடிப் போனாள். இடுப்பில் பிள்ளையோடு வந்த ரஃபியா ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"என் 'ர'வுக்கு வாலு கெடையாது. வாலு வச்சு இழுத்திருந்தா அது ரெஹானா. கால் நீட்டிக் கோலம் போட்ட மாதிரி எழுதுவா அவ." பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு ஒவ்வொரு பக்கமாக அவளே குறித்தும் கொடுத்தாள். டீயும் கொடுத்தாள்.

அப்படியும் சில வரிகள் மசியவில்லை. கையெழுத்தில் தண்ணீர் பட்டிருந்தது, அல்லது டூட்டி மாறுகிற நேரத்திலேயே ஆள் வந்திருந்தான். அவற்றில் பெனிஷா 'தெரியவில்லை' என்று எழுதினாள். செபஸ்தியம்மாளுக்கு அது பொறுக்கவில்லை.

"இவன எனக்கு ஞாபகம் இருக்குத்தா. சாயங்காலம்தான் வந்தான். எழுது."

"ஞாபகத்த வச்சு ஒண்ணு எழுதுனா, எல்லாமே ஞாபகத்த வச்சு எழுதுனதுன்னு ஆயிரும்க்கா."

"பொல்லாதவ," என்றார் செபஸ்தியம்மாள். ஆனால் அடுத்த வரியைப் படித்தார்.

கடைசியாக அவள் தன் விதியையே ஒரு சோதனைக்குள் தள்ளினாள். ஏ.எம்., பி.எம்., ராத்திரி, காலை என்று தெளிவாக எழுதியிருந்த வரிகளில் அந்தச் சொல்லை மறைத்துவிட்டு, டூட்டியை மட்டும் வைத்து விடை எடுத்தாள். பிறகு மறைத்ததை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அதற்கடுத்ததும் பொருந்தியது. வரிசையாகப் பொருந்திக்கொண்டே வந்தது. ஒரு வரி மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது: ராத்திரி டூட்டியில் ரெஹானா எழுதிய '12.15 பி.எம்.'

ரெஹானாவையே கூப்பிட்டுக் கேட்டாள்.

"ராத்திரின்னா பி.எம். தான?" என்றாள் ரெஹானா. "நடுச்சாமத்துக்குப் போயி ஏ.எம்.னு எப்படிப் போடுறது? ஏ.எம்.னா காலைல்ல?"

விதி சரி, எழுதியதுதான் தவறு. பெனிஷா மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். மாத்திரை டப்பாக்கள் குதித்தன.

கூட்டம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நடந்தது. பெனிஷா இந்த முறை ஒவ்வொருவர் முன்னாலும் தாளை வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். ஏழு பன்னிரண்டு எப்படி வந்தது என்பதை முதலில் சொன்னாள். தன் அவசரத்தையும் சேர்த்துச் சொன்னாள். பொன்னுராஜ் கால்குலேட்டரை எடுத்து இருபத்து நாலைத் தானே பெருக்கிப் பார்த்து, "அட, ஆமா!" என்றார். பிறகு அவள் டூட்டி விஷயத்துக்கு வந்தாள். பிறகு படத்துக்கு. மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை கோடுகள் தென்னை மாதிரி உயர்ந்து நின்றன. சும்மா பார்த்தாலே தெரிந்தது.

ஹனீபா படத்தைப் பார்த்ததைவிட அவள் முகத்தை அதிக நேரம் பார்த்தார்.

"இதுல நீ எதிர்பாக்காதது ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்கய்யா. விடியக்காலம் அஞ்சு, அஞ்சரைக்கு ஒரு சின்னக் கூட்டம் இருக்கு பாருங்க. இருட்டோட தோட்டத்துக்குப் போறவுக, வெளிக்குப் போறவுக. அது டாக்டரும் சொல்லல, நானும் நினைக்கல. சாயங்காலம் தொறந்தாலும் அவுகளுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. மறைக்காம வச்சிருக்கேன்."

ஹனீபா மெதுவாகத் தலையசைத்தார். பொன்னுராஜ் விடுவதாக இல்லை. தாளின் அடியில் விரலை வைத்தார்.

"தெரியவில்லைன்னு இங்கன அம்பது பேருக்கு மேல நிக்குறாகளே. இவுக எல்லாரும் காலைல கடிபட்டவுகளா இருந்தா? படம் கவுந்துருமா இல்லையா?"

அவள் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். கோப்பிலிருந்து இரண்டாவது தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது அப்படிப் போட்டதுதாங்கய்யா. தெரியாதவுக ஒருத்தர் விடாம எல்லாரையும், கிளினிக் இப்பத் தொறந்திருக்கிற காலை நேரத்துல தூக்கி வச்சுட்டேன். ஒங்க பக்கத்துக்கு எவ்வளவு தர முடியுமோ அவ்வளவும் தந்தாச்சு."

பொன்னுராஜ் பார்த்தார். காலைக் கோடுகள் கொஞ்சம் வளர்ந்திருந்தன. மாலைக் கோடுகளின் இடுப்புக்குக்கூட வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் சாயங்காலத்துக்கு," என்றார். "எழுதிக்கங்க. முதல் ஆளு நான்."

அதற்குப் பிறகு பேச்சே நடக்கவில்லை. வரிசையாகக் கை உயர்ந்தது. டாக்டர் அப்துல் அஜீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹனீபா மட்டும் கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார். "விடியக்காலத்துக்காரவுகளுக்கு என்ன பண்ணப் போறோம்னு அடுத்த வருசம் இந்தப் பிள்ள வந்து சொல்லணும். அதுவரைக்கும் இங்கனயே இருக்கட்டும்."

மூன்று மாத ஒப்பந்தம் அந்த ஒரு வரியில் ஒரு வருட வேலையானது. அவளுக்கு அது உறைக்கவே படியிறங்கி வாசலுக்கு வர வேண்டியிருந்தது. வாசலில் செபஸ்தியம்மாளும் ரெஹானாவும் நின்றிருந்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் இவள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டாள். ரெஹானா போட்ட சத்தத்தில் புறநோயாளி வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கருங்கல்மேடு கிளினிக் மாலை நேரத்துக்கு மாறியது. புதுப் பதிவேட்டில் இருபத்து நாலு மணிக் கணக்கில்தான் நேரம் எழுத வேண்டும் என்று பெனிஷா சட்டம் போட்டாள். "பத்தொம்பது முப்பதாம்! ரயில்வே ஸ்டேசன்ல வேலை பாக்குறோம்னு நினைச்சுட்டா போல," என்று நர்சுகள் முணுமுணுத்தார்கள். முதல் சில நாள் இருமலும் காய்ச்சலும்தான் வந்தன.

ஒரு சனிக்கிழமை பெனிஷா புதுக் கணினியைப் பொருத்திக் கொடுப்பதற்காக அங்கே போயிருந்தாள். அன்று அங்கே முறை டாக்டர் அப்துல் அஜீஸுக்கும் செபஸ்தியம்மாளுக்கும். பொழுது சாய்ந்து, மலை கறுத்துக்கொண்டு வந்த நேரம். டி.வி.எஸ். ஃபிப்டியை ஒரு பையன் ஓட்ட, நடுவில் ஒரு ஆளை உட்கார வைத்து, பின்னால் ஒரு பெண் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் பிச்சைமணி, வாழைத் தோட்டக்காரர். தாங்கி வந்தவள் அவர் மனைவி ஜக்கம்மா. மோட்டார் போடப் போன இடத்தில் கண்ணாடி விரியன்.

"யாத்தே, பூட்டியிருக்கும்னுல நினைச்சு கம்பத்துக்குத்தான் கெளம்புனோம்!" ஜக்கம்மா அழுதுகொண்டே கத்தினாள். "வெளக்கு எரியுதுன்னு இவன்தான் திருப்புனான்."

கால் வீங்கிப் பளபளத்தது. டாக்டர் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து நிற்க வைத்தார். நல்ல ரத்தமானால் இருபது நிமிடத்தில் உறைந்துவிடும். உறையவில்லை, குழாயைச் சாய்த்ததும் தண்ணீராக ஓடியது. விஷமுறிவு மருந்து குப்பி குப்பியாக ஏறியது. செபஸ்தியம்மாள் நாடியைப் பிடித்தபடி நின்றார். பெனிஷாவுக்கு வேறு வேலை இல்லாததால் ஜக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து ஏறி முடிந்ததும் ஆஸ்பத்திரி வேனில் கம்பத்துக்குக் கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை அவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை முடித்துவிட்டு நேராக வார்டுக்கு ஓடினாள். கட்டிலைச் சுற்றிக் கூட்டம். டாக்டர் கையில் குழாய். எல்லார் முன்னாலும் அதை மெல்லச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்தார். கடலை மிட்டாய்ப் பாகு மாதிரி இறுகி, குழாயோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

ரெஹானா கைதட்டினாள். செபஸ்தியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டர் செல்போனில் ஹனீபாவைப் பிடித்து, "காப்பாத்தியாச்சுங்க, சாயங்காலக் கேசு," என்று இரண்டு வார்த்தை சொன்னதும், மறுமுனையில் அந்த மனிதர் இறைவனுக்குப் புகழ் சொல்லிப் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. பெனிஷாவும் என்னவென்று தெரியாமல் ஏதோ கத்தினாள்.

அந்த ஆரவாரத்தில் பிச்சைமணி கண்ணைத் திறந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஏலே, இங்கன யாருக்குக் கல்யாணம்?" என்றார். "சாப்பாடு உண்டா?"